செய்திப் புகைப்படக்காரரின் மனம்: கேள்வி பதில்

கேள்வி (பாலக்கோடு கல்லூரி மாணவி): விபத்து நடந்த இடத்தில் முதலில் உதவ வேண்டுமா, படமெடுக்க வேண்டுமா?

பதில்: உதவ வேறு ஆள் இல்லையென்றால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு 108-ஐ அழையுங்கள்; காயம்பட்டவரின் அருகிலேயே இருங்கள். போலீசாரும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் வந்துவிட்ட பிறகு, அவர்களுக்கு இடையூறின்றிப் படமெடுப்பதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளின் கோரத்தை ஊரறியச் செய்தவை படங்களே என்பது என் கருத்து.

கேள்வி (ஓசூர் பகுதிநேரச் செய்தியாளர்): வீடு திரும்பிய பிறகும் காட்சிகள் விலகுவதில்லை. போகப் போகப் பழகிவிடும் என்கிறார்களே ஐயா?

பதில்: என் அனுபவத்தில் அப்படிப் பழகுவதில்லை. படமெடுக்கும்போது ஃபோகஸ், வெளிச்சம், ஷட்டர் வேகம் என்று கவனம் முழுவதும் வேலையில் இருப்பதால் ஒன்றும் தெரியாது. பிறகு அலுவலகத்துக்கு அனுப்புவதற்காகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கையில், ஒரு கண்ணாடி வளையலோ பள்ளி அடையாள அட்டையோ கண்ணில் பட்டு, நடந்தது அப்போதுதான் உறைக்கும். எனக்கு டீசல் வாடை போதும், பெட்ரோல் பங்கில் நிற்கும்போதே தொப்பூர் கண்முன் வந்துவிடும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, செய்தியில் கோரக் காட்சிகளைப் பார்ப்பதைப் பொதுவாகக் கணக்கில் எடுக்காவிட்டாலும், தொழில் நிமித்தம் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்வதை, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயின் காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. ஆகவே இதைக் கோழைத்தனம் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். குடித்து மறக்க முயன்ற சக தொழிலாளர்களைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன், அந்த வழி மட்டும் வேண்டாம்.

கேள்வி (அரூர் வாசகர்): அழுகிறவர்களைப் படமெடுப்பது முறையா?

பதில்: அவர்கள் கையை உயர்த்தி மறுத்தால் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தையின் படத்தையோ, வீடு, பள்ளி முதலிய அடையாளங்களையோ வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்கிறது.

கேள்வி (தேன்கனிக்கோட்டை இளைஞர்): இவ்வளவு வேதனைக்குப் பிறகும் ஏன் இந்தத் தொழில்?

பதில்: 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன, உடனிருந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. தாயின் உடலைவிட்டு அகலாத குட்டிகளைக் காட்டும் படத்தைப் பார்த்தவர், வயலில் இழுக்கும் ஒரு கம்பி என்ன செய்யும் என்பதை மறக்கமாட்டார். படத்தின் அந்த ஆற்றலை அறிந்தபின் விட்டுவிட மனம் வரவில்லை. ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயர்ந்ததாகச் செய்தி வந்தால், மழையுறையை எடுத்துக்கொண்டு இன்றும் முதல் ஆளாகக் கிளம்புகிறேன்.