ஈராசிரியர் பள்ளி: வகுப்பறையிலிருந்து கிராம சபை வரை – கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் தன்னார்வலர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, தொடக்க வகுப்புகளைக் கையாளும் மூத்த ஆசிரியை ஒருவர் தந்த பதில்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள், 34 பிள்ளைகள். 1, 2, 3ஆம் வகுப்புகள் என்னிடம். ஒரு வகுப்புக்கு நடத்தினால் மற்ற இரண்டும் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. என்ன செய்வது டீச்சர்?

முதலில் வகுப்புவாரியாக உட்காரவைப்பதை விடுங்கள். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் தொடங்கியபோது, பிள்ளைக்குத் தெரிந்ததைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக நிலை பிரித்தார்களே, அதன் முழுப் பயனும் உங்களைப் போன்ற பள்ளிக்குத்தான். எழுத்து தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்போடு அரும்பு வட்டத்தில் உட்காரலாம்.

90 நிமிடம் இருக்கிறதென்றால் முதல் 20 நிமிடம் எல்லாருக்கும் பொது: பாட்டு, கதை, படம் பார்த்துப் பேசுவது. அடுத்த 25 அரும்போடு, அதற்கடுத்த 25 மொட்டோடு, மீதி 20 மலரோடு. உங்களிடம் இல்லாத குழு பயிற்சி நூலிலோ ஜோடி வாசிப்பிலோ இருக்கும்.

இது கெடுவது ஒரே இடத்தில்தான். தனியாகச் செய்யச் சொல்லும் வேலை புதிதாக இருந்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் நேற்று உங்கள் முன்னால் செய்த வகைக் கணக்கையே இன்று தனியாகக் கொடுங்கள், எண்ணை மட்டும் மாற்றி. புரியாவிட்டால் முதலில் பக்கத்துப் பிள்ளை, பிறகுதான் டீச்சர் என்று பழக்குங்கள். செயல்வழிக் கற்றல் (அட்டைகளை வைத்துப் பிள்ளைகளே படித்த முறை) காலத்தில் சுவரின் அடிப்பக்கம் அடித்த தாழ்வான கரும்பலகை இருந்தால் மறுபடி கறுப்பு பூசிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கட்டம் கோடு போட்டுக் கொடுத்தால், யார் என்ன எழுதுகிறார்கள் என்பது நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே தெரியும்.

கேள்வி: மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ மையம் நடத்துகிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் எழுத்தட்டை எதைக் காட்டினாலும் சொல்கிறான். சொல்லாகக் கொடுத்தால் திணறுகிறான்.

எந்தச் சொல்லில் நின்றான் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தட்டும்.

ஒன்று, துணைக்காலும் ‘ர’வும். ‘காரம்’ என்று எழுதிப் பாருங்கள். பலகையில் அவசரத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ‘ர’வுக்கு அடியில் சாய்வுக் காலை நன்றாக இழுத்து எழுதுங்கள், ‘ர்’ எழுதும்போதும்தான். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

இன்னொன்று ‘கொ’, ‘கோ’. கண் இடமிருந்து போவதால் ஒற்றைக்கொம்பையும் ‘க’வையும் பார்த்ததுமே ‘கெ’ என்று வாய் சொல்லிவிடுகிறது. பின்னால் வரும் துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளை நின்றுவிடும். ‘க’ அட்டையைத் தரையில் வைத்து, கொம்பு அட்டையையும் துணைக்கால் அட்டையையும் இரு கைகளால் ஒரே சமயத்தில் இரு பக்கமும் வைக்கச் சொல்லுங்கள். வைத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும்.

உண்மையாகவே வாசிக்கிறானா, மனப்பாடமா என்று பார்க்க ‘பமடு’, ‘டகமி’ போலப் பொருளில்லாச் சொற்களைக் கொடுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்க அதில் வழியில்லை.

கேள்வி: கடன் வாங்கிக் கழித்தல் எத்தனை முறை சொல்லியும் ஏறவில்லை. 52–37க்கு 25 என்று எழுதுகிறார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள்: ஏழில் இரண்டு போக ஐந்து, ஐந்தில் மூன்று போக இரண்டு. இது கவனக்குறைவு இல்லை, அவர்களே வைத்துக்கொண்ட விதி. திரும்பத் திரும்பக் கணக்குப் போடவைத்தால் அந்த விதிதான் கெட்டிப்படும்.

தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி கொடுத்து, “எனக்கு 37 குச்சி தா” என்று கேளுங்கள். மூன்று கட்டு தருவான். ஏழு உதிரிக்குத் தேடுவான், இரண்டுதான் இருக்கும். இந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்! அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். 12 உதிரியில் 7 போனால் 5, மீதி ஒரு கட்டு, ஆக 15. இரண்டு மூன்று நாள் குச்சியோடு மட்டும் செய்துவிட்டு, அதன் பிறகு பலகைக்குப் போங்கள்.

கணிதப் பெட்டியில் வரும் பத்துத் துண்டு ஒட்டிய நீளக் கட்டை இதற்கு உதவாது. அதைப் பிரிக்க முடியாது, பிரிப்பதுதானே பாடம்.

402–157 போல நடுவில் சுழியம் வந்தால் பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூறுகட்டு வேண்டும். நூறைப் பிரித்தால் பத்துக் கட்டு, அதில் ஒன்றைப் பிரித்தால்தான் உதிரி. நடுவில் ஒன்பது எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி நான். கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. வந்தாலும் கையெழுத்து வாங்கி டீ கொடுத்து அனுப்புவதோடு சரி.

கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவின்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் ஊரில் அவர்கள் நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். வேலைத்தளத்திலிருந்து திரும்பும் நேரத்தைக் கேட்டுக் கூட்டத்தை வையுங்கள். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். என் பிள்ளை வாசிப்பான் என்றால் அம்மா வருவார்.

“கழிப்பறை வசதி மேம்படுத்த வேண்டும்” என்ற தீர்மானத்தால் எதுவும் நகராது. “பெண் பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் ஒன்று, கதவுத் தாழ்ப்பாள் இரண்டு மாற்ற வேண்டும், இன்னார் பொறுப்பு, இந்தத் தேதிக்குள்” என்று எழுதுங்கள். குழுவால் முடியாத பெரிய வேலையைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் 2022இல் சேர்ந்துவிட்டன. சுற்றுச்சுவர் கேட்பதென்றால் எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதிக் கொடுங்கள். தீர்மானத்தின் நகலை வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: ஊரார் மேளதாளத்தோடு கல்விச் சீர் கொண்டுவரப் போகிறார்கள். என்ன வாங்கச் சொல்லலாம்?

இன்னும் ஒரு டஜன் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். தட்டுத் தராசு, 100 கிராம் முதல் 1 கிலோ வரை எடைக்கற்கள், பெரிய முள் கடிகாரம், குழாய் வைத்த தண்ணீர் டிரம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் இருபது, அவற்றைத் தொங்கவிட நைலான் கயிறும் கிளிப்பும். பட்டியலை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுவர்க் கடிகாரமே ஐந்து வந்து சேரும்.

கேள்வி: பள்ளியில் மாணவர் சந்தை போடுகிறோம். யோசனை சொல்லுங்கள்.

கடைக்கு மூன்று பேர்: ஒருவர் எடை, ஒருவர் பணம், ஒருவர் கணக்கு நோட்டு. பெரியவர்கள் கடைக்குள் வரக்கூடாது. போன வேகத்தில் அம்மாவே கணக்குப் போட்டுவிடுவார், அப்புறம் சந்தை எதற்கு?

சில்லறை தீர்ந்துதான் பெரும்பாலும் சந்தை படுக்கும். கடைக்கு ஒரு ரூபாய் 10, இரண்டு ரூபாய் 5, ஐந்து ரூபாய் 4, பத்து ரூபாய் 3 எனத் தொடக்கத்தில் 70 ரூபாய் கொடுங்கள். முடிவில் பெட்டியில் இருப்பதில் 70ஐக் கழித்தால் விற்பனை. அது நோட்டோடு ஒத்துவருகிறதா என்பதை ஐந்தாம் வகுப்பு பார்க்கட்டும். கிலோ விலை நான்கால் வகுபட வேண்டும். தக்காளி 28 என்றால் கால் கிலோ 7. 35 என்று வைத்தால் எட்டே முக்கால், யாரிடமும் காசு இருக்காது. கூகுள் பே அட்டை கண்ணில் படவே வேண்டாம்.

கேள்வி: கீரைப் பாத்தி போட்டால் முளைப்பதே இல்லை. முளைத்தாலும் திட்டுத் திட்டாக.

விதை பொடியானது. ஒரு தேக்கரண்டிக்குப் பத்துத் தேக்கரண்டி உலர்ந்த மணல் கலந்து தூவுங்கள். ஆழமாக மூடாதீர்கள், தண்ணீர் பூவாளியில்தான், வாளியில் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். முளைக்கும் முன்னே எறும்பு இழுத்துப் போகிறதா என்றும் பாருங்கள். பாத்தி ஒரு மீட்டர் அகலம் தாண்டக்கூடாது. தாண்டினால் பிள்ளைகள் நடுவில் மிதிப்பார்கள். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். சத்துணவு அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தட்டு கழுவும் சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்குத் திருப்புங்கள். ஏப்ரல், மே விடுமுறையில் ஊற்ற ஆளில்லை என்றால் மார்ச்சோடு பாத்தியை முடித்துக்கொண்டு முருங்கையை மட்டும் விடுங்கள். வேலி இல்லாத பள்ளி என்றால் ஆட்டுக்குப் போக மீதிதான் உங்களுக்கு.