கறுப்பினப் பிள்ளைகளும் தற்கொலைத் தடுப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் தற்கொலை விகிதம் கறுப்பினத்தவரைவிட வெள்ளையரிடம்தானே அதிகம்? கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் தனியாக ஏன் ஆய்வு?

மொத்தக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. வயதைப் பிரித்தால் கணக்கு தலைகீழாகிறது. ஆய்வாளர் ஜெஃப்ரி பிரிட்ஜ் குழுவினர் 2001 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை அலசி 2018-இல் வெளியிட்டார்கள். 5 முதல் 17 வயது வரை சேர்த்துப் பார்த்தபோது கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிட 42 சதவீதம் குறைவு. ஆனால் 5 முதல் 12 வயது வரை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த வயதில் தற்கொலை மிக அரிது. அதனால் இரண்டு மடங்கு என்றதும் பெரிய எண்ணிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் இதைப் பற்றிக் கேட்கவே யாருக்கும் தோன்றுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெரிய பிள்ளைகளின் நிலையும் மோசமாகியிருக்கிறது. 10 முதல் 24 வயதுக் கறுப்பினத்தவரிடையே 2018-இல் இலட்சம் பேருக்கு 8.2 ஆக இருந்த விகிதம் 2021-இல் 11.2 ஆனது. ‘கறுப்பினத்தவர் தற்கொலை செய்வதில்லை’ என்ற பழைய நம்பிக்கையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது.

மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்கு எல்லாமே பாகுபாடாகத் தெரியலாமே? இனவெறிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். பாகுபாட்டையும் மனநிலையையும் ஒரே நாளில் கேட்டு முடிக்கும் ஆய்வுகளால் இது தீராது. அதனால்தான் அதே பிள்ளைகளைக் காலம் விட்டு மறுபடியும் கேட்கிறார்கள். ரீடா வாக்கர் குழுவின் 2017 ஆய்வு, 700-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளைச் சுமார் பத்து வயதிலும், இரண்டு ஆண்டுகள் கழித்தும் விசாரித்தது. பாகுபாட்டை அனுபவித்த பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் காணப்பட்டன. அவற்றின் வழியே சாவைப் பற்றிய எண்ணமும் பின்னாளில் தலைகாட்டியது.

இன்னொரு வழி தினக்குறிப்பு. டெவின் இங்கிலீஷ் குழுவினர் வாஷிங்டன் பகுதியில் 13 முதல் 17 வயது வரையிலான 101 பேரிடம் 14 நாள் தினமும் கேட்டு 2020-இல் வெளியிட்டார்கள். சராசரி, ஒரு நாளைக்கு ஐந்துக்கும் மேற்பட்ட பாகுபாட்டு அனுபவங்கள். இணையத்தில் நடந்தவையே அதிகம். நேரடி வசவு மட்டுமல்ல, நிறத்தை வைத்த கேலியும், வேறொரு கறுப்பினத்தவருக்கு நேர்ந்ததைத் திரையில் பார்ப்பதும் இந்தக் கணக்கில் உண்டு. ‘கடந்த ஓராண்டில் எத்தனை முறை?’ என்று ஒரே வரியில் கேட்கும் படிவத்தில் இவை விழவே விழாது. நீங்கள் ஆய்வுப் படிவம் தயாரிப்பவரானால், தனக்கு நேர்ந்தது, பிறருக்கு நேர்ந்ததைப் பார்த்தது, இணையத்தில் வந்தது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இல்லை. ஆனால் அன்றாடம் ஏறும் இந்தச் சுமையைக் கணக்கில் எடுக்காமல் பிள்ளையின் ‘மனவலிமையை’ மட்டும் வளர்க்கப் பார்ப்பது, பாதி வேலை.

அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பிள்ளைகளிடம் தற்கொலையைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடாதா?

தூண்டாது. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்துச் செய்து 2005-இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை.

தற்கொலை ஆபத்தைக் கண்டறியும் ஏ.எஸ்.க்யூ. என்ற கேள்விப் படிவத்தில் முதலில் நான்கே கேள்விகள். கடந்த சில வாரங்களில் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியதா? நீ இல்லாவிட்டால் உனக்கோ வீட்டாருக்கோ நல்லது என்று தோன்றியதா? கடந்த ஒரு வாரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா? எப்போதாவது முயன்றிருக்கிறாயா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றாலோ பதில் சொல்ல மறுத்தாலோ ஐந்தாவது கேள்வி: இப்போது, இந்த நேரத்தில், அந்த எண்ணம் இருக்கிறதா? இதற்கும் ‘ஆம்’ என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்; முழு மனநல மதிப்பீடு உடனே நடக்க வேண்டும். ‘இல்லை’ என்றாலும் அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சுருக்கமான பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். பெற்றோரை அறையில் வைத்துக்கொண்டே கேட்பது. ‘அப்படியெல்லாம் நினைக்கவில்லைதானே?’ என்று ‘இல்லை’யை எதிர்பார்த்துக் கேட்பது. 12 வயது முதல் எல்லோரிடமும், 8 முதல் 11 வரை அறிகுறி இருந்தால் கேட்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டல். முதல் பதிலில் சொன்ன எண்ணைப் பார்த்தால் இந்தச் சின்ன வயதினரிடம் கேட்கத் தயங்கவே கூடாது என்பேன்.

அறிகுறி அழுகையாகத்தான் வரும் என்று காத்திருக்காதீர்கள். எரிச்சல், சண்டை, காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி, வகுப்பில் மேசைமேல் தலைவைத்துக் கிடப்பது. கறுப்பினப் பிள்ளையிடம் இவற்றை ‘ஒழுங்கீனம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆலோசகரிடம் போக வேண்டிய பிள்ளை இடைநீக்கக் கடிதத்தோடு வீட்டுக்குப் போகிறது.

பாதுகாப்புத் திட்டம் என்றால் என்ன?

தற்கொலை எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் குறிப்பு. ஸ்டான்லி, பிரவுன் என்ற உளவியலாளர்கள் வகுத்தது. பிள்ளையோடு உட்கார்ந்து அதன் சொற்களிலேயே எழுதுவது. எனக்கு மோசமாகப் போகிறது என்று எதை வைத்துத் தெரியும். நானே செய்து சமாளிக்கக்கூடியது. மனத்தை மாற்றும் ஆட்களும் இடங்களும். உதவி கேட்கக்கூடிய சொந்தங்கள். மருத்துவர், உதவி எண்கள். கடைசியாக, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. இந்தக் கடைசிப் படியைப் பெற்றோரோடுதான் பேச முடியும். துப்பாக்கி இருந்தால் குண்டு நீக்கிப் பூட்டி, குண்டுகளை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவி எங்கே என்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. நெருக்கடி தீரும்வரை வீட்டைவிட்டே அகற்றுவது இன்னும் நல்லது. மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். ‘தற்கொலை செய்ய மாட்டேன்’ என்று பிள்ளையிடம் எழுதி வாங்குவதால் பயன் இல்லை.

இனவெறியைப் பற்றி வீட்டில் பேசினால் பிள்ளை மேலும் துவண்டுபோகாதா?

பேசும் விதத்தைப் பொறுத்தது. ராபர்ட் செல்லர்ஸ் குழுவின் 2006 ஆய்வில், தம் இனத்தைப் பிறர் தாழ்வாகப் பார்க்கிறார்கள் என்பதை ஏற்கெனவே உணர்ந்திருந்த பதின்வயதினரைப் பாகுபாடு அவ்வளவாகச் சாய்க்கவில்லை. எதிர்பாராத அடிதான் ஆழமாக விழுகிறது. ஆனால் ‘யாரையும் நம்பாதே’ என்று மட்டும் சொல்லி வளர்ப்பது கெடுதல். தன் மரபின் பெருமையும், நடந்தால் யாரிடம் சொல்வது, எப்படிப் பதில் சொல்வது என்ற பயிற்சியும் சேர்ந்தே போக வேண்டும்.

அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைத்தால் போலீஸ் வந்துவிடுமா என்று என் மாணவன் பயப்படுகிறான்.

கறுப்பினக் குடும்பங்களில் இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. ‘பயப்படாதே’ என்று தட்டிக் கழிக்காதீர்கள். 2022 ஜூலையில் தொடங்கிய இந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பேச்சிலேயே முடிகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் மட்டுமே அவசரப் பணியாளர்கள் வருவார்கள், அவர்களில் போலீஸும் இருக்கலாம். இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம். முதல் தடவை நீங்கள் பக்கத்தில் இருக்க, அவனே எண்ணை அழுத்தட்டும். இந்தியாவிலிருந்து இதைப் படித்து உங்களுக்கே உதவி தேவைப்பட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழையுங்கள்.