வூலி பக்கர் கட்ட எந்த செனில் வாங்குவது?

மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் கட்டும் வூலி பக்கர் என்ற போலி இரையைக் கட்டிப் பழகத் தொடங்கியிருக்கிறேன், அதன் உடலுக்குச் சுற்றும் செனில் என்ற பஞ்சுபோன்ற இழைக்கயிற்றில் இத்தனை வகை இருக்கிறதே, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண ரேயான் செனிலில் கறுப்பு ஒன்று, ஆலிவ் பச்சை ஒன்று, இரண்டும் நடுத்தர அளவில் வாங்குங்கள். மினுமினுப்பு வகையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் எடுக்கும்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும். நனைந்த பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். ரேயான் நன்றாகத் தண்ணீர் குடிக்கும். அதன் அடர்த்தியும் தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.5 மடங்கு. வூலி பக்கர் நீருக்கு அடியில் இழுக்கிற ஃபிளை (முள்ளில் கட்டும் போலி இரை) என்பதால் இது நமக்கு நல்லதே. மிதக்க வேண்டிய டிரை ஃபிளைக்கு இதே செனிலைச் சுற்றினால் அது மூழ்கிவிடும். அங்கே தண்ணீரை விட லேசான பாலிபுரொப்பிலீன் டப்பிங்தான் (நூலில் முறுக்கிச் சுற்றும் இழைப்பஞ்சு) சரி.

நிறத்தையும் நனைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு சிறு துண்டை நீரில் முக்கிப் பிழிந்து பாருங்கள். இளம் ஆலிவ் என்று நினைத்தது கரும்பச்சையாக நிற்கும். மீன் பார்ப்பது அந்த நிறத்தைத்தான்.

அளவு விஷயத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 8 ஆம் எண் முள்ளுக்கு நடுத்தர செனில் பொருந்தும். 10, 12 என்று எண் கூடக்கூட முள் சிறியதாகும், அதற்கு மெல்லியதை எடுங்கள். உடல் பருத்து, முள்ளின் தண்டுக்கும் கூருக்கும் இடையிலான வாயை அடைத்துவிட்டால், மீன் கவ்வினாலும் கூர் ஏறாது.

கட்டும்போது செனிலின் நுனியை அப்படியே வைத்துக் கட்டாதீர்கள். முதல் 5 மில்லிமீட்டருக்கு இழைகளை நகத்தால் உருவி எடுத்தால், உள்ளே முறுக்கிய மெல்லிய நூல் மட்டும் மிஞ்சும். அதைக் கட்டினால் வால் பக்கம் முடிச்சு புடைக்காது. பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகளை விரலால் பின்னோக்கித் தடவிவிட்டு அடுத்த சுற்றைப் போடுங்கள். அவை நசுங்காமல் வால் பக்கம் சாய்ந்து நிற்கும். முள்ளின் கண்ணுக்கு முன்பாகவே நிறுத்திவிடுங்கள். ஹேக்கிலை (உடலைச் சுற்றி வரும் இறகு) கட்டி முடிக்கவும் நூலால் தலை கட்டவும் இடம் வேண்டுமே.

அல்ட்ரா செனில் வேறு ஜாதி. இழை குட்டையாக, நெருக்கமாக இருக்கும். சான் ஹுவான் வார்ம் போன்ற புழு வடிவத்துக்கு அதுதான். தீயில் படாமல், பக்கத்தில் கொண்டுபோனாலே நுனி கூம்பிப் புழுவின் முனை போல ஆகிவிடும். சாதாரண ரேயானில் இதை முயலவே கூடாது, பருத்தி மாதிரி பற்றி எரியும்.

மினுக்கும் கேக்டஸ் செனில் கலங்கிய நீரில் கைகொடுக்கும். தெளிந்த நீரில் உடல் முழுக்க அதைச் சுற்றுவது எனக்குப் பிடிக்காது. தலைக்குப் பின்னால் இரண்டு சுற்று போதும்.

சிறிய முள்ளில் நான் செனிலை விட்டுவிட்டு மயிலிறகின் இழைக்குப் போய்விடுவேன். அந்தப் பச்சை கலந்த வெண்கல மினுமினுப்பு வேறு எதிலும் வராது. ஆனால் மீனின் பல் பட்டால் சட்டென்று அறுந்துவிடும். நாலைந்து இழைகளைக் கட்டும் நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள். மேலே மெல்லிய செப்புக் கம்பியை எதிர்த்திசையில் ஓட்டினால் இன்னும் நாள்படத் தாங்கும்.