கோல்ஃப் மைதானத்தில் குறிப்பெடுக்கும் மகளும் மூன்றாவது நீட் தேர்வும்

உதகையிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காததால், மூன்றாவது முறையும் எழுதவைப்பதா, வேறு வழி தேடுவதா என்று உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் கலக்கம் நியாயமானதே. ஆயினும், வீட்டை அடமானம் வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்று உங்கள் மைத்துனர் வற்புறுத்துவதை நான் ஏற்கவில்லை. தவணை கட்டப்போவது அவரல்லர். ஐந்தரை ஆண்டுகள் விருப்பமின்றிப் படிக்கப்போவதும் அவரல்லர்.

நீங்கள் குறையாக எழுதியிருக்கும் ஒன்றுதான் என்னை நிறுத்தியது. நீங்கள் பணிபுரியும் கோல்ஃப் மைதானத்துக்கு வந்து, ஓய்வுக்காக விளையாட வந்தவருக்குக் குழியிலிருந்து மூன்றடி தூரத்தில் ஏன் கை நடுங்குகிறது என்று அவள் நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறாள். இது விளையாட்டு உளவியலின் கேள்வி. அதற்கு விடை காண மன அழுத்தத்தை அளக்கத் தெரிய வேண்டும்.

அளப்பது எளிதன்று. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்து வினா வடிவம், கடந்த ஒரு மாதத்து அழுத்தத்தை 0 முதல் 40 வரையிலான மதிப்பெண்ணாகத் தரும். முதல் பந்தை அடிக்கும் நேரத்துப் பதற்றத்தை அது காட்டாது. அதற்கென உள்ள 27 வினா நிரலோ போட்டி வீரர்களுக்காக உருவானது. வார இறுதி ஆட்டக்காரருக்குப் பொருந்துமா என்று முதலில் சோதிக்க வேண்டும். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவை உமிழ்நீரில் பார்க்கலாம். ஆனால் அது விழித்தெழுந்த சிறிது நேரத்தில் உச்சம் தொட்டு நாள் முழுதும் இறங்குவதால், காலையில் ஆடியவரையும் மாலையில் ஆடியவரையும் ஒப்பிட்டால் முடிவு பிழைபடும். மாதிரி எடுக்கும் முன் காபியும் கூடாது. இதயத் துடிப்பை வைத்து அளக்கலாம் என்றாலோ, 2,200 மீட்டருக்கு மேலுள்ள உங்கள் ஊரில் மேடேறி நடந்தாலே இதயம் வேகமாகத் துடிக்கும். ஆகவே அதே ஆட்டக்காரரை வேறொரு நாள், அதே நேரத்தில், மட்டையும் பந்தும் இல்லாமல் அதே பாதையில் நடக்கவைத்து அளந்தால்தான், நடையின் பங்கு எது, மனத்தின் பங்கு எது என்று பிரித்தறியலாம்.

சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் உளவியல் இளநிலையை மிகக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். முதுநிலைக்கு மேலக்கோட்டையூரிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். விளையாட்டுத் துறையில் மட்டும் வேலை தேடினால் இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வினாநிரல் அமைக்கவும் தரவை அலசவும் தெரிந்தவருக்கு மருத்துவ ஆய்விலும் நிறுவனங்களின் ஆள்தேர்விலும் வேலை உண்டு. மருத்துவ உளவியலராகச் சிகிச்சை அளிக்க விரும்பினால், இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தனிப் படிப்பும் பதிவும் கட்டாயம். வெறும் இளநிலைப் பட்டம் போதாது.

இப்படி அளந்து ஆராயும் வேலைக்குப் புள்ளியியல் மிக அவசியம். இந்த வாரமே அவளிடம் பிளஸ் டூ புள்ளியியல் பாடநூலைக் கொடுத்துப் பாருங்கள். அது பிடிக்காவிட்டால் இந்த வழியையும் விட்டுவிடலாம். அடமானப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.