ஆண்டி வாசலில், ரொனால்டோ பந்தியில்

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 'ஃபேட்டல் ஃப்யூரி' என்ற சண்டை விளையாட்டின் புதுப் பாகம் வாங்கப் பொங்கலிலிருந்து உண்டியலில் பணம் சேர்த்தான். கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் அதில் ஒரு சண்டைக்காரராக வருகிறார் என்ற செய்தி வந்ததும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். நண்பர்களும் அவனும் மொட்டை மாடியில் கூடி எழவு வீட்டில் பேசுவதுபோல் பேசுகிறார்கள். அவன் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதோ அதே ரொனால்டோவின் படம்! பொம்மைச் சண்டையில் ஒரு பொம்மை கூடினால் இவ்வளவு கோபமா? இந்தத் தலைமுறைக்கு வேறு கவலையே இல்லையா? அந்த உண்டியல் பணத்தை என்ன செய்யச் சொல்வது?
— ஒரு தந்தை, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும், ஐயா. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த தொடர்கதைக்கு ஓவியரை மாற்றினோம். "என் கதாநாயகியின் மூக்கை யாரோ மாற்றிவிட்டார்கள்" என்று நான்கு பக்கம் எழுதி, சந்தாவை நிறுத்தப்போவதாக மிரட்டினீர்கள். அவளும் காகிதத்தில் வரைந்த பெண்தான். எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், அச்சடித்தவர்கள் நாங்கள். ஆனாலும் "என் கதாநாயகி" என்றே எழுதியிருந்தீர்கள். மகனுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனம் 1991-இல் தொடங்கிய விளையாட்டு அது. சவுத் டவுன் என்றொரு கற்பனை நகரம். தங்களை எடுத்து வளர்த்த தந்தையைக் கொன்ற கீஸ் ஹோவர்டைப் பழிவாங்க டெர்ரி, ஆண்டி என்ற சகோதரர்கள் கிளம்புகிறார்கள். உடன் வருகிறவன் தாய்லாந்துக் குத்துச்சண்டை பழகிய ஜோ ஹிகாஷி. இதுவரை நம் ஊர்க் கதைதான். ஆனால் 1999-இல் வந்த பாகத்தில், அந்தக் கீஸின் மகனையே டெர்ரி எடுத்து வளர்த்து ஆளாக்கியிருப்பார். பழிவாங்கியவன் வளர்ப்புத் தந்தையாகிறான்! அதற்கு அடுத்த பாகம் 'சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ்' 2025 ஏப்ரலில்தான் வந்தது. இடைவெளி 26 ஆண்டுகள். உங்கள் மகன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய காத்திருப்பு அது.

விளையாட்டு வெளியான நாளில், அதாவது இலை போட்ட அன்று, பந்தியில் உட்கார்ந்த சண்டைக்காரர்கள் 17 பேர். அவர்களில் ஒருவர் ரொனால்டோ. பந்தை உதைத்தே எதிராளியை அடிக்கிறார். இன்னொருவர் சல்வத்தோரே கனாச்சி என்ற டி.ஜே. முதல் விளையாட்டின் மூன்று நாயகர்களில் டெர்ரிக்கு இடம் இருந்தது. ஆண்டியும் ஜோவும் அந்தப் பதினேழில் இல்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள் என்று கூடுதல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். பெயர்தான் ஆண்டி என்று வாய்த்துவிட்டது. அதற்காக வாசலிலேயே நிறுத்திவிடுவதா? உங்கள் மாடியில் நடந்தது எழவுப் பேச்சுதான் என்றால், எழவு ரொனால்டோ வந்ததற்கு மட்டும் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

வெளியாள் வந்தால் இந்த ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். 'டெக்கன் 7' விளையாட்டுக்கு 2017-இல் விருந்தாளியாகப் போனவர் இதே கீஸ் ஹோவர்ட். வேறு நிறுவனம், வேறு விளையாட்டு. அங்கே அவருக்குக் கிடைத்தது ஆரவாரம். அதற்கு முன்பே 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டின் அகுமாவை டெக்கன்காரர்கள் அழைத்து வந்தார்கள். சும்மா கொண்டுவந்து நிறுத்தவில்லை. "நான் செத்துப்போனால் என் கணவனையும் மகனையும் நீ முடித்துவிடு" என்று கஸுமி என்ற தாய் அவனிடம் கேட்டுக்கொண்டதாகக் கதையில் முடிச்சுப் போட்டார்கள். விருந்தாளிக்கு உறவுமுறை சொல்லி உட்கார வைத்துவிட்டால், மறுநாளிலிருந்து அவனும் வீட்டு ஆள். அதே விளையாட்டில் 2019-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் வில்லன் நீகன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பலர் திகைத்தார்கள். அவனுக்கு உறவுமுறை சொல்ல யாரும் மெனக்கெடவில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், 1952-இல் ஹாலிவுட் கூட்டுறவில் ஒரு படம் எடுத்தது. ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் எல்லாம் அதில் நடித்தார்கள். வெள்ளைக்காரர் வந்ததால் கெட்டுப்போன ஊர் இல்லை இது. ஆனால் வேறொன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் தெருவில் பதினெட்டாம் போர்க் கூத்து. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள், மேலே கிரீடம் மட்டும் தெரிகிறது, சலங்கை கேட்கிறது, துரியோதனன் வரப்போகிறான். திரையை விலக்கினால் உபயதாரர் தயவில் வந்த ஒரு கிரிக்கெட் வீரர், மட்டையோடு! பீமன் எங்கே என்றால் "அடுத்த மாதம் வருவார்" என்கிறார் கட்டியங்காரன். அந்தக் கிரிக்கெட் வீரரின் ஆட்டத்தை நீங்கள் எத்தனை முறை கைதட்டி ரசித்திருந்தாலும் அன்றைக்கு எழுந்து கத்துவீர்கள். சுவரில் படம் இருக்கும்போதே மகன் கோபப்பட்டதன் காரணம் இவ்வளவுதான்.

உபயதாரர் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். 2022-இல் எஸ்.என்.கே.யின் 96 விழுக்காடு பங்கு, சவூதி பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் நிறுவிய மிஸ்க் அறக்கட்டளையின் கைக்குப் போனது. 2023 தொடக்கத்திலிருந்து ரொனால்டோ ஆடுவது ரியாத்தின் அல் நசர் அணிக்கு. அதே 2023-இல் அந்த அணியின் 75 விழுக்காடு சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்கு வந்தது. நிதியத்தின் தலைவரும் அதே இளவரசர். 2025-இல் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பைக்குத் தூதராக அறிவிக்கப்பட்டவரும் ரொனால்டோதான். ரசிகர்கள் இந்தப் புள்ளிகளைப் பார்த்தார்கள், இழை இழுத்தார்கள். வாசலில் தினமும் கோலம் பார்க்கிற உங்களுக்கு அந்த இழை எங்கே முடியும் என்று நான் காட்டவேண்டுமா?

"பிடிக்காவிட்டால் அவரைத் தேர்ந்தெடுக்காமல் ஆட வேண்டியதுதானே?" என்று அடுத்து எழுதுவீர்கள். முடியாது. பிடிக்காத தொடர்கதை என்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். சண்டை விளையாட்டில் எதிராளி யாரை எடுக்கிறானோ அவனோடு மோதியே ஆகவேண்டும். இந்த விளையாட்டுகளில் திரைப் படம் வினாடிக்கு 60 முறை மாறும்; அதில் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். டெக்கனில் சாதாரணமான வேகக் குத்து பத்தாவது பிரேமில் விழும், அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துத் தடுக்க இந்த நேரம் போதாது. இன்னின்ன ஆள், இன்னின்ன தூரத்தில், இதைத்தான் செய்வான் என்று முன்பே மனப்பாடமாகியிருக்க வேண்டும். ஒரு புது ஆள் வந்தால், அவனை ஒருநாளும் தொடாதவனும் அவனுடைய ஒவ்வொரு உதையையும் உட்கார்ந்து படிக்கவேண்டும். நெசவு தெரிந்த பகுதியில் இருக்கிறீர்கள். பாவில் ஓர் இழை கூடினால் வேலை எங்கெல்லாம் கூடும் என்று பக்கத்து வீட்டுத் தறிக்காரரைக் கேளுங்கள்.

2019 டிசம்பரில் டெக்கனுக்கு லிராய் ஸ்மித் என்ற பெரியவர் வந்தார். அடுத்த மாதம் ஜப்பானில் நடந்த எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியின் கடைசி எட்டுப் பேரில் பெரும்பாலோர் அவரைத்தான் எடுத்திருந்தார்கள். அவ்வளவு பலம். ரசிகர்கள் கொதித்தார்கள், நிறுவனம் பலத்தைக் குறைத்தது, கதை முடிந்தது. அது எண்ணைத் திருத்தினால் தீரும் கோபம். உங்கள் மகனுடையது அந்த வகை இல்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. தொண்ணூறுகளில் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் டோக்கன் போட்டு ஆடும் வீடியோ கேம் கடையில் நானும் நின்றிருக்கிறேன். பஸ் காசு டோக்கனாக மாறிய நாட்களில் வீட்டுக்கு நடந்தேன். அங்கே எங்கள் உயிர் 'முஸ்தபா'. அப்படியொரு விளையாட்டே கிடையாது! கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' அது. அதில் ஆடக்கூடிய நால்வரில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ, மஞ்சள் தொப்பிக்காரன், வேகமாக உதைப்பான். நாயகனின் பெயர் ஜாக் என்று எனக்குத் தெரிய இருபது ஆண்டுகள் ஆயின. நிறுவனம் வைத்த பெயரைத் தூக்கிக் கடாசிவிட்டு, எங்களுக்குப் பிடித்தவனின் பெயரை விளையாட்டுக்கே சூட்டிவிட்டோம். ஜப்பானில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டோக்கன் போட்டவனுக்கு அந்த உரிமை உண்டு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மாடிக் கூட்டத்துக்கும் ஒரு குட்டு. ரொனால்டோவை வரைந்த ஓவியரும், உதைக்கு உதை அசைவு கொடுத்தவரும் மாதச் சம்பளக்காரர்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. வசவு அவர்களுடைய வீட்டு விலாசத்துக்குப் போகக்கூடாது. ரொனால்டோவை எடுத்து ஆடும் பள்ளிச் சிறுவனைத் துரத்தித் துரத்திக் கேலி செய்வதும் வீரம் இல்லை. அவனுக்கு இந்த விளையாட்டுக்குள் வழி காட்டியவரே அந்த உதைகாரராக இருக்கலாம். கனாச்சியைப் பார்த்து "யார் இந்த ஆள்?" என்று சீறியவர்களில் சிலர், அவருடைய கோமாளி ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்து இளகிப்போனார்கள் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். ஆண்டி பிறகு வந்து சேர்ந்துவிட்டார் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

"இந்தத் தலைமுறைக்கு வேறு கவலையே இல்லையா" என்ற வரியை மட்டும் உங்கள் கடிதத்திலிருந்து அடித்துவிட நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன், அச்சில் பார்க்கட்டும் என்று. முதலாளி செய்தது பிடிக்கவில்லை, அதனால் காசு தரமாட்டேன் என்று பத்தொன்பது வயதுப் பையன் சொல்லியிருக்கிறான். சந்தாவை நிறுத்துவேன் என்று மிரட்டிவிட்டு மறுமாதமே பணம் கட்டியவர் நீங்கள்.

உண்டியலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அவன் சேர்த்த பணம், ஐயா. உங்களுக்கும் எனக்கும் அதில் வேலை இல்லை.