பேட்டரி மூடியில் கை வைக்கும் முன்: பாம், கேசியோ, பாட்காஸ்ட் கேள்வி பதில்

சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பாம், கேசியோ மாதிரி பழைய கையடக்கக் கருவிகளையும் பாட்காஸ்ட்டையும் வைத்து அன்றாட வேலையை ஒழுங்காக நடத்துவது பற்றி மட்டும் கேளுங்கள். பேட்டரி மூடியில் கை வைக்கும் முன் பேக்கப். இதை இன்று பல தடவை சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: பாம் எம்100 கைக்கு வந்திருக்கிறது. ஆர்டர் குறித்து வைக்கலாமா? பேட்டரி மாற்றினால் அழியும் என்கிறார்களே?

தாராளமாகக் குறிக்கலாம். அழியும் என்பதும் உண்மைதான். அதில் தகவல் முழுக்க ராமில், அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டும் தாங்கும் நினைவகத்தில் இருக்கிறது, இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிதான் அதற்கு உயிர். முதலில் ஹாட்சிங்க் (பாமில் உள்ளதைக் கணினியோடு ஒத்துப்போக வைத்து நகல் எடுப்பது, சுருக்கமாகச் சிங்க்) செய்துவிடுங்கள். புதுப் பேட்டரி இரண்டையும் உறை பிரித்து, பிளஸ் மைனஸ் பார்த்து மேசையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பழையதை எடுத்துப் புதியதைப் போட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. உள்ளே இருக்கும் மிச்ச மின்சாரம் அவ்வளவு நேரம்தான் தாங்கும்.

ஆர்டருக்கு 'டூ டூ' (செய்ய வேண்டியவை) பட்டியலைப் பயன்படுத்துங்கள். வகை 15 வரைதான் உருவாக்க முடியும். வாடிக்கையாளர் பெயரில் வகை போட்டால் ஒரு மாதத்தில் இடம் தீர்ந்துவிடும். உருக்கு, கம்பி, பற்றவைப்பு, பாலிஷ், டெலிவரி என்று வேலைக் கட்டத்தின் பெயரில் போடுங்கள். '12 ஜோடி, 8 அங்குலம், அரும்பு' என்று ஒரு வரி எழுதி, வேலை நகர நகர வகையை மாற்றிக்கொண்டே வாருங்கள். காலையில் 'பாலிஷ்' வகையைத் திறந்தால் அன்று எது எது அங்கே தேங்கி நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று: அரத்தூள். திரைக்குக் கீழே உள்ள எழுத்துக் கட்டத்தின் மேல் தூள் இருக்கும்போது குச்சியால் எழுதினால் கோடு கோடாகக் கீறிவிடும். அந்தக் கட்டத்தின் மேல் மட்டும் தெளிவான செல்லோடேப் ஒரு துண்டு ஒட்டுங்கள், சொரசொரப்பானதும் மாற்றுங்கள். தொடும் இடம் ஒன்று, பதியும் இடம் ஒன்று என்று ஆனால் 'பிரெஃப்ஸ்' பகுதியில் 'டிஜிட்டைசர்' திறந்து, காட்டும் புள்ளிகளைத் தொட்டால் சரியாகும்.

அஸ்தம்பட்டி: பாமில் தமிழில் எழுத வழி உண்டா?

பாமோடு கூட வரும் வசதியில் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுங்கள், ஆனால் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொள்ளுங்கள். காரணம், பாமின் தேடல் வசதியான 'ஃபைண்ட்' சொல்லின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். 'மாம்பழம்' என்று குறித்ததைப் 'பழம்' என்று தேடினால் கிடைக்காது. ழகரத்துக்கு இன்று ஓர் எழுத்து, நாளை வேறு எழுத்து என்றால் 'வாழை'யும் கிடைக்காது. முக்கியமான சொல்லைத் தனியாக வரியின் முதலில் எழுதுவது நல்ல பழக்கம்.

ஏற்காடு, காப்பி எஸ்டேட் மேலாளர்: பழைய கேசியோ டிஜிட்டல் டைரியில் ஆட்கள் எண், பறிப்புக் கிலோ எல்லாம் இருக்கிறது. திரை மங்குகிறது. பேட்டரிப் பெட்டியில் பச்சையாகப் பூத்திருக்கிறது.

சார், எதையும் கழற்றுவதற்கு முன் திரையில் தெரிவதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் உங்களுக்கு அதுதான் பேக்கப். அந்த டைரியில் ஓடும் பேட்டரி தனி, நினைவைக் காக்கும் சிறு பேட்டரி தனி. இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தால் எல்லாம் போய்விடும். ஓடும் பேட்டரியை மாற்றி, மூடி, திரை வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள். பல மாடல்களில் சிஆர்2032 பட்டன் பேட்டரிதான், ஆனாலும் மூடிக்குள் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பச்சைப் பூப்பை, பேட்டரி வெளியே இருக்கும் அந்த நேரத்திலேயே, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். மலையில் பனி மூடும் மாதங்களில் கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

அழகாபுரம்: பாம் டங்ஸ்டன் இ புது லேப்டாப்பில் சிங்க் ஆகவில்லை.

64 பிட் விண்டோஸுக்குப் பாம் நிறுவனம் யுஎஸ்பி டிரைவர் (கருவியைக் கணினிக்கு அடையாளம் காட்டும் மென்பொருள்) தரவில்லை. கேபிள் மாற்றிப் பயனில்லை. 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய கணினி, அல்லது லினக்ஸில் பாமோடு சிங்க் செய்யும் ஜே-பைலட் மென்பொருள். இரண்டும் இல்லையென்றால் எஸ்டி கார்டில் பேக்கப்.

சூரமங்கலம்: தினம் ஈரோட்டுக்கு ரயில் பயணம். பாட்காஸ்ட்டை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறேன். ஒரு மணி நேர எபிசோடு 30 நிமிடத்தில் முடிகிறது. எல்லாரும் இப்படிக் கேட்கலாமே?

முடிகிறது, சரி. மறுநாள் அதிலிருந்து எதைச் செய்தீர்கள்?

சூரமங்கலம்: அது என் பாடு. கேட்ட அளவு இரட்டிப்பு என்பது கணக்கு.

கணக்கைத் தமிழுக்குப் போடுங்கள் தம்பி. ஆங்கிலத்தில் 'வேண்டாம்' என்பது வினைக்கு முன்னாலேயே வந்துவிடும். தமிழில் 'செய்யலாம்', 'செய்யக்கூடாது' இரண்டுக்கும் தலை ஒன்றுதான், வால்தான் வேறு. பேசுகிறவரின் குரல் தாழ்வதும் அந்த வாலில்தான். வேகத்தைக் கூட்டி, மௌனத்தை வெட்டும் வசதியையும் போட்டால், ஒலி குறைந்த இடத்தை மௌனம் என்று எண்ணி அது வாலையே நறுக்கிவிடலாம். ஈரத்தோடு சார்ஜ் 'போட...' என்று காதில் விழும். லாமா, கூடாதா?

ஆத்தூர்: நான் 1.5இல் கேட்கிறேன், நன்றாகவே புரிகிறது.

தெரிந்த குரல், தெரிந்த விஷயம் என்றால் 1.5 போகும். ஒரு மணி 40 நிமிடமாகும். புது விஷயத்துக்கு 1.25 போதும், 48 நிமிடம். மௌனம் வெட்டுவதை அணைத்து வையுங்கள்.

சூரமங்கலம்: பழகினால் மூளை தயாராகிவிடும்.

பழகியது ஆங்கிலத்திலா, தமிழிலா? சோதித்துப் பாருங்கள். செய்முறை சொல்லும் தமிழ் எபிசோடு ஒன்றை இரண்டு மடங்கில் கேட்டு, செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று ஐந்து எழுதுங்கள். பிறகு சாதாரண வேகத்தில் கேட்டுத் திருத்துங்கள். மதிப்பெண்ணோடு வாருங்கள், பேசுவோம்.

ஏற்காடு, அதே மேலாளர்: இறங்கும்போது வண்டியில் கேட்கலாமா? மலைப்பாதையில் சிக்னல் வேறு விட்டுவிடுகிறது.

சிக்னலுக்கு வழி உண்டு: வீட்டு வைஃபையில் முன்னிரவே எபிசோடை இறக்கிவிடுங்கள். 64 கேபிபிஎஸ் ஒலிப்பதிவு மணிக்குச் சுமார் 29 எம்பி, 128 என்றால் 58. ஆன்டெனாபாட் என்ற பாட்காஸ்ட் செயலியில் தானாக இறங்கும் எண்ணிக்கையை ஐந்துக்குள் கட்டிப்போடுங்கள், இல்லையென்றால் கேட்காத குவியலே மலையாகிவிடும். பைக்கில் இயர்போன் மட்டும் கூடவே கூடாது. 20 கொண்டை ஊசி வளைவு, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டியவர் இறங்கும் நீங்கள். ஹாரன் கேட்காமல் எப்படி?

ஓமலூர்: கேட்டதை எப்படிக் குறிப்பது?

நிறுத்துங்கள். நிமிடக் கணக்கும் ஒரு வினையும் எழுதுங்கள்: '23:40, ரசீதைத் தேதிவாரியாக அடுக்கு'. தேதியோடு டூ டூவில் போடுங்கள். எபிசோடுக்கு ஒன்று போதும். ஏழெட்டு எழுதினால் ஒன்றும் நடக்காது.

கொண்டலாம்பட்டி: பாமில் தமிழ் ஃபான்ட் போடலாமா?

அஸ்தம்பட்டிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

மேட்டூர்: விண்டோஸ் 11இல் பாம் யுஎஸ்பி...

அழகாபுரம்.

தாரமங்கலம்: பாமில் வருடாந்திர நினைவூட்டல் எதுவரை போகும்?

2031 டிசம்பர் 31. அதற்கு மேல் அதன் நாட்காட்டியில் நாள் கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை: அண்ணா, பேச்சு வேகமாகப் போனதால் நான் பாட்டுக்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். டேப் ஒட்டிவிட்டு வந்து பார்த்தால் முதல்நாள் மாதிரி புள்ளியைத் தொடச் சொல்கிறது. போன வாரம் ஒருமுறை சிங்க் செய்தது.

அப்படியென்றால் பாமில் இருந்தது அழிந்துவிட்டது, போன வாரம் வரை உள்ளது கணினியில் இருக்கிறது. இப்போதே சிங்க் பட்டனை அழுத்தாதீர்கள். கணினியில் பாம் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். அடுத்து ஹாட்சிங்க் மேனேஜரில் 'கஸ்டம்' திறந்து, டூ டூ, மெமோ, அட்ரஸ், டேட் புக் நான்குக்கும் 'டெஸ்க்டாப் ஓவர்ரைட்ஸ் ஹேண்ட்ஹெல்ட்' (கணினியில் உள்ளது பாமுக்குப் போகும்) என்று வையுங்கள். திசை மாறினால் காலியான பாம் கணினியில் இருப்பதையும் காலி செய்துவிடும். பிறகு சிங்க். பயனர் பெயர் கேட்கும்போது பழைய பெயரையே தேர்ந்தெடுங்கள், புதுப் பெயர் வேண்டாம். இந்த வார ஆர்டர்களைச் சிங்க் ஓடுவதற்குள் ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.