எல்லையைக் கேட்டுவிட்டு எண்ணைத் தொடுங்கள்: மானுட, வட்டாரப் புவியியல் கேள்வி பதில்

இளங்கலைப் புவியியல் மாணவர்கள் பிராக்டிகல், புராஜெக்ட் குறித்துக் கேட்டவை.

கேள்வி: சார், பி.ஏ.வா, பி.எஸ்ஸி.யா?
பதில்: பட்டத்தின் பெயரை விடுங்கள். ஜி.ஐ.எஸ். (கணினியில் மேப் தயாரித்து அலசும் முறை) லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், களப்பணி கட்டாயமா என்று பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தமிழ்நாட்டு அடர்த்தி மேப் போட்டேன். ஆறு மாவட்டங்கள் வெள்ளையாக நிற்கின்றன.
பதில்: அப்போது இருந்தவை 32 மாவட்டங்கள். நீங்கள் இறக்கியது இன்றைய 38 மாவட்ட ஷேப்ஃபைல் (எல்லைக் கோடுகள் உள்ள கணினிக் கோப்பு). தென்காசியைத் திருநெல்வேலியோடும், கள்ளக்குறிச்சியை விழுப்புரத்தோடும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டையும் வேலூரோடும், செங்கல்பட்டைக் காஞ்சிபுரத்தோடும், மயிலாடுதுறையை நாகப்பட்டினத்தோடும் டிஸால்வ் செய்தால், அதாவது இடைக்கோட்டை நீக்கி ஒன்றாக்கினால், வெள்ளை போய்விடும். தப்பு போகாது. 2018இல் சென்னை மாவட்டத்தோடு பக்கத்துத் தாலுகாக்கள் சேர்ந்து, சுமார் 175 சதுர கி.மீ. 426 ஆனது. 2011இன் 46.46 லட்சம் பேரை 175ஆல் வகுத்தால் 26,500ஐத் தாண்டும். 426ஆல் வகுத்தால் 11,000க்குக் கீழே விழும். திருவள்ளூரும் காஞ்சிபுரமும் இதே போல் கெடும். பழைய 32 மாவட்ட ஷேப்ஃபைலையே தேடி எடுங்கள். எந்த எண்ணும் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: நியரஸ்ட் நெய்பர் இண்டெக்ஸில் எனக்கு 1.2, தோழிக்கு 0.8. ஊர்கள் அதே 25, சராசரி தூரமும் அதே 1.2 கி.மீ.
பதில்: ஊர்கள் கொத்தாக இருக்கின்றனவா (1க்குக் கீழே), சீராகப் பரவியிருக்கின்றனவா (1க்கு மேலே) என்று சொல்லும் குறியீடு அது. சூத்திரம்: 2 × ஒவ்வோர் ஊரிலிருந்தும் மிக அருகிலுள்ள ஊருக்கான சராசரி தூரம் × √(ஊர் எண்ணிக்கை ÷ பரப்பு). நீங்கள் 100 சதுர கி.மீ. எடுத்திருக்கிறீர்கள், அவர் 225. அதே ஊர்கள் உங்களுக்குச் சீராகப் பரவியவையாகவும் அவருக்குக் கொத்தாகவும் தெரிவது அதனால்தான். காடும் ஏரியுமான வெற்றிடத்தைக் கட்டத்துக்குள் இழுத்தால் குறியீடு இறங்கும். மேப் தாளின் ஓரத்தை எல்லையாக வைக்காதீர்கள். ஆற்றுப் படுகை, ஒன்றியம் என்று காரணமுள்ள எல்லையை எடுத்து, அந்தக் காரணத்தை ரெக்கார்டில் எழுதுங்கள். ஓரத்து ஊருக்கு மிக அருகில் இருப்பது எல்லைக்கு வெளியே இருந்தாலும் தூரத்தை அதற்கே அளக்க வேண்டும்.

கேள்வி: கொங்கு வட்டாரம் பற்றி புராஜெக்ட். எல்லையை எங்கே போடுவது?
பதில்: நல்ல கேள்வி. மூன்று எல்லைகள் வரும். மழை, மண், பயிர் ஒத்திருப்பதை வைத்துப் போடுவது ஒன்று. கோவைக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜவுளி வாங்கவும் வருகிறவர்களை வைத்துப் போடுவது இரண்டு: இடைப்பட்ட ஊர்களின் நிறுத்தத்தில் காலை 6 முதல் 10 வரை கோவைக்கு எத்தனை பஸ், அடுத்த நகரத்துக்கு எத்தனை பஸ் என்று எண்ணுங்கள், எண்ணிக்கை சமமாகும் ஊர்களை இணைத்தால் கோடு கிடைக்கும். மூன்றாவது மக்கள் மனத்தில் உள்ளது: வெற்று மேப்பை 50 பேரிடம் கொடுத்து வரையச் சொல்லி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். 40 பேருக்கு மேல் சேர்த்த பகுதி மையம், மற்றது விளிம்பு.

கேள்வி: அப்படியானால் பாலக்காடும் கொங்கா? அங்கிருந்தும் கோவை ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்களே. வரலாறுதான் எல்லை, பஸ் அல்ல.
பதில்: பாலக்காட்டைக் கொங்கில் நான் சேர்க்கவில்லை. கோவையின் செல்வாக்குப் பகுதியில் சேர்க்கிறேன். இரண்டும் வேறு மேப்புகள்.

கேள்வி: இரண்டு மேப் என்றால் வட்டாரம் என்று ஒன்று இல்லை என்றுதானே ஆகிறது?
பதில்: இல்லை. எதற்காக வகுக்கிறோமோ அதற்கேற்ற வட்டாரம் உண்டு. நொய்யலின் சாயக்கழிவைப் படிக்கிறவருக்கு வெள்ளியங்கிரி மலையிலிருந்து காவிரி வரையிலான படுகைதான் எல்லை. பழைய கொங்கு நாட்டு எல்லை அவருக்கு உதவாது. பேச்சு வழக்கைப் படிக்கிறவருக்குப் படுகை உதவாது. வரலாற்று எல்லையையும் வரையுங்கள், எந்த நூற்றாண்டு என்று மேப்பிலேயே குறியுங்கள். நான்கையும் ஒரே தாளில் அடுக்கி, எங்கே விலகுகின்றன என்று விளக்கினால் அதுவே புராஜெக்ட்.

கேள்வி: சார், 2011 எழுத்தறிவு மேப்பில் சில மாவட்டங்கள் காலியாக வருகின்றன...
பதில்: மேலே சொல்லிவிட்டேன். 32.

கேள்வி: யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடமாகப் புவியியல் எடுக்கலாமா?
பதில்: அது தேர்வுப் பயிற்சிக்காரர்களிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: கிராமம் எப்போது சென்சஸ் டவுன் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் நகரமாக எண்ணப்படும் ஊர்) ஆகும்?
பதில்: குறைந்தது 5,000 மக்கள், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது வேளாண்மைக்கு வெளியே, சதுர கி.மீ.க்கு 400 பேர். மூன்றும் வேண்டும். ‘ஆண்’ என்பதை விட்டுவிட்டுத்தான் பலர் மார்க் இழக்கிறார்கள்.

கேள்வி: கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் கோவை மாவட்டப் பரப்பு 0.39 என்கிறது.
பதில்: அது சதுர டிகிரி. லேயர் (மேப் அடுக்கு) மீட்டரில் இல்லை, அட்ச தீர்க்க ரேகையில் இருக்கிறது. ‘செட் சி.ஆர்.எஸ்.’ கட்டளை ஆய முறையின் பெயரை மட்டுமே மாற்றும், கணக்கைக் கெடுக்கும். ‘ரீபுராஜெக்ட் லேயர்’ கொடுத்து யு.டி.எம். (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) 43 வடக்கு, அதாவது ஈ.பி.எஸ்.ஜி. குறியெண் 32643 தேர்ந்தெடுங்கள். சதுர மீட்டரில் வரும். பத்து லட்சத்தால் வகுத்தால் சதுர கி.மீ. சேலத்திலோ மதுரையிலோ இருக்கிறவர்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம்: 78 டிகிரி கிழக்கில் மண்டலம் மாறுகிறது, உங்களுக்கு 32644.